பாறையின் முதுகுப்புறம்

ஃபுத்தலேஃபு என்றால் பெரிய ஆறு.
பெயர் வைத்தவர்கள்
அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

பனிமலை கரைந்து வருகிற நீலம்.
இங்கே கோடை ஜனவரியில்;
அப்போதும் கை நனைத்தால்
விரல் எலும்புவரை கடிக்கும்.

ரப்பர் படகின் பின்விளிம்பில் உட்கார்ந்து
ஆறு பேரைக் கத்தியே ஓட்டுகிறவள் நான்.
முன்னே, முன்னே, நிறுத்து, குனி.
நாளைக்கு இரண்டு நடை,
ஞாயிறென்றால் மூன்று.

ரோசமேலுக்குத் தூண்டில் கோல் கிடையாது.
பீச் பழம் வந்த தகர டப்பா,
அதில் சுற்றிய நைலான் நூல்,
முனையில், கரண்டியை வெட்டி அவரே செய்த மினுக்கு.
தலைக்கு மேல் மூன்று சுற்று சுழற்றி விட்டால்
பாதி ஆற்றைத் தாண்டிப் போய் விழும்.

எங்களுக்குள் வழக்கு ஒரே ஒரு பாறை பற்றி.

கழுதைப்பல் பாய்ச்சலுக்குக் கொஞ்சம் மேலே
லாரி அளவில் நிற்கிறது.
முகத்தில் ஆறு வந்து அறைந்து உடையும்.
முதுகில் மட்டும்
இரண்டு கட்டில் போடுமளவு தண்ணீர்
வந்த வழியே திரும்பி
வேலையில்லாதவனைப் போலச் சுற்றிக்கொண்டிருக்கும்.
பாய்ச்சலுக்கு முன் படகு மூச்சு வாங்க
அதை விட்டால் இடமில்லை.
பழுப்பு டிரவுட் மூச்சு வாங்கவும்
அதை விட்டால் இடமில்லை.

நாங்கள் துடுப்படித்து உள்ளே நுழைந்ததும்
அவர் திட்டமாட்டார்.
தொப்பியைக் கழற்றிப் பக்கத்துக் கல்லில் வைப்பார்.
மீன் போயிற்று என்று அர்த்தம்.
என் படகிலிருந்தவர்கள்
வணக்கம் சொல்கிறாரென்று நினைத்துக்
கையசைப்பார்கள்.

ஒரு தடவை கேட்டேன்,
மீன் அங்கே நிற்பது எப்படித் தெரியும்?
"நீ எங்கே நிறுத்தணும்னு உனக்கு எப்படித் தெரியும்?"
நுரை பின்னோக்கிப் போகிற கோட்டைக் காட்டினேன்.
அவர் பேசவில்லை.
நூலைச் சுற்ற ஆரம்பித்தார்.

பிப்ரவரியில் நான்கு நாள் கொளுத்தியது.
மேலே பனி உருகி
ஐந்தாம் நாள் பாறையையே காணோம்;
அது இருந்த இடத்தில் ஒரு வழுவழுப்பான மேடு.
தவறவிட்டேன்.
வேறு வார்த்தை தேட வேண்டாம்,
தவறவிட்டேன்.
படகு பாறைத் தோளில் ஏறி
கதவுபோல நிமிர்ந்து
எங்கள்மேல் சாத்திக்கொண்டது.

கவிழ்ந்த படகைப் பிடித்தபடி
ஹெல்மெட்டுகளை எண்ணினேன்.
ஐந்து.
மறுபடி எண்ணினேன்.
ஐந்து.

ஆறாவது, ரங்காகுவா ஊர்ப் பல் வைத்தியர் எட்கார்தோ.
கழுதைப்பல்லின் வாய்க்கு இருபது அடி முன்னால்
மிதவைச் சட்டையின் தோள்பட்டையில்
கரண்டி மினுக்கு மாட்டியது.

கரையிலிருந்து பார்த்தவர்கள் சொன்னார்கள்:
கிழவர் இழுக்கவே இல்லையாம்.
ஓட்டத்தோடு மல்லுக்கு நின்றால் நூல் அறும்.
தளர விட்டு, கரையோடு நாலடி நடந்து,
ஆளின் மூக்கை மட்டும்
சுழி இருக்கும் பக்கம் திருப்பியிருக்கிறார்.
மிச்சத்தைத் தண்ணீர் பார்த்துக்கொண்டது.

நான் ஓடிப் போனபோது
வைத்தியர் கூழாங்கல்லில் கிடந்து இருமினார்.
ரோசமேல் கொக்கியை நிதானமாகக் கழற்றி
மேலிருந்து கீழாக அவரை ஒரு பார்வை அளந்து
"அளவு சரிதான்.
இருந்தாலும் விட்டுவிடலாம்" என்றார்.

அங்கே யாரும் சிரிக்கவில்லை.
இரவு பல் துலக்கும்போது சிரிப்பு வந்தது எனக்கு.
வந்தது நிற்கவில்லை.
பிரஷ் கையிலிருந்து விழுந்தது,
எடுக்கப் போனால்
கை நடுங்குகிறது.

நன்றி சொல்லப் போன அன்று
டப்பாவைத் துடைத்துக்கொண்டே விலை பேசினார்.
பணமில்லை. இதுதான்:
தொப்பி தலையில் இருந்தால் வா.
கல்லில் இருந்தால் மீன் கடிக்கிறது,
நிற்காதே.

தொப்பி கல்லில் இருக்கும் நாட்களில்
இடது கரையை ஒட்டிய சந்தில் விடுகிறேன்.
மூன்று அலை, ஒரு முறிந்த மரம்,
மூச்சு வாங்க நேரமில்லை.
என் வயிறு முதல் அலையிலேயே சுருண்டுவிடும்.

காசு கொடுத்து வந்தவர்கள்
கரை இறங்கியதும் ஈரக் கையால் என் கையைக் குலுக்கி
அந்த இடம்தான் பிரமாதம் என்கிறார்கள்.
எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்கிறார்கள்.

தொப்பியைப் பற்றி
நான் சொல்வதில்லை.